வெளிநாட்டுல இருந்து பார்சல் வருதா? டூட்டி, கூரியர் சார்ஜ் பத்தி மொதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க

நம்ம திருநெல்வேலி, தென்காசி பக்கம் மேலப்பாளையம், கடையநல்லூர்ல துபாய் சவுதில ஆள் இல்லாத வீடு கம்மி, இப்போ பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம்னு எல்லா ஊர்ல இருந்தும் பிள்ளைங்க சிங்கப்பூர், அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு போயிட்டாங்க, அதனால வெளிநாட்டு பார்சல் வராத தெருவே இல்லைன்னு ஆயிப்போச்சு. ஆனா மொத தடவை பார்சல் வாங்குறவங்க எல்லாரும் ஒரே இடத்துலதான் முழிக்காங்க. "சாமான் வெலையே எட்டாயிரம், அதுக்கு மூவாயிரம் கட்டச் சொல்லுதான், இது நெசமா ஏமாத்தா"ன்னு கேக்காங்க. சில பேருக்கு அது நெசம், சில பேருக்கு அது பச்சை ஏமாத்து. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியணும்னுதான் இதை எழுதுதேன்.

நான் முக்கியமா சொல்ல வாரது இதுதான். இங்க எவ்வளவு கட்டணும், பார்சல் எத்தனை நாள் நிக்கும்ங்கிறது பெரும்பாலும் அங்க அனுப்புறவங்க கவுண்டர்ல நின்னு ஃபாரம் எழுதும்போதே முடிவாயிருது. பார்சல் சென்னைல வந்து நின்ன பிறகு நாம இங்க இருந்து ஓடி ஓடிப் பாக்குற வேலையில பாதி, அங்க அஞ்சு நிமிசம் ஒழுங்கா எழுதியிருந்தா தேவையே பட்டிருக்காது. அதனால இதைப் படிச்சுட்டு அப்படியே அனுப்பப் போற அண்ணனுக்கோ மச்சானுக்கோ வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க, உங்களை விட அவங்கதான் படிக்கணும்.

மொதல்ல "கிஃப்ட்" கதையை முடிச்சுருவோம்

"மேல கிஃப்ட்னு எழுதிட்டா டூட்டி கெடையாது"ன்னு இன்னைக்கும் சொல்லுதாங்க. ஒரு காலத்துல அது உண்மைதான், கடைசியா இருந்த கணக்குப்படி 5,000 ரூவா வரைக்கும் உள்ள அன்பளிப்பு பார்சலுக்கு டூட்டி இல்லாம இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு சில வெளிநாட்டு ஆன்லைன் கடைங்க, வித்த சாமானை எல்லாம் கிஃப்ட்னு பேர் போட்டு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அதுக்குத்தான் 2019 டிசம்பர் 12-ம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஒரு அறிவிப்பு போட்டு அந்தக் கதவை மூடிட்டாங்க. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கி கயித்துக்கும் மட்டும்தான் இப்ப விலக்கு. மத்தபடி கிஃப்ட் அனுப்பக் கூடாதுன்னு இல்லை, தாராளமா அனுப்பலாம், ஆனா முழு டூட்டியும் கட்டித்தான் எடுக்கணும்.

அதனால கிஃப்ட்னு எழுதுறது தப்பு இல்லை, உண்மையிலேயே அன்பளிப்புன்னா அப்படித்தான் எழுதணும், ஆனா அதை எழுதினதால ஒத்தை ரூவா குறையாது. ஒரே ஒரு சின்னச் சலுகை இருக்கு: கணக்கு போட்டு வார டூட்டி மொத்தமா 100 ரூவா அல்லது அதுக்குக் கீழன்னா வசூல் பண்ண மாட்டாங்க, கஸ்டம்ஸ் சட்டம் 25-வது பிரிவுலயே அது இருக்கு. ஒரு கீ செயின், வாழ்த்து அட்டை மாதிரி சமாச்சாரம் சும்மா வந்து சேருறது அதனாலதான்.

இன்னொண்ணு, சொந்த உபயோகத்துக்கு வாங்குற சாமானுக்கு ஐஇசி-ங்கிற இறக்குமதி நம்பர் எல்லாம் தேவை இல்லை. யாராவது "ஐஇசி எடுத்துத் தாரேன், இவ்வளவு குடுங்க"ன்னா வேண்டாம்னு சொல்லிருங்க.

எந்த வழியா வருது

தபால்ல வாரது, கூரியர்ல வாரது, கார்கோன்னு கிலோ கணக்குல போடுறது, மூணும் வேற வேற. இது தெரியாம தபால்ல வந்த பார்சலுக்கு கூரியர் ஆபீஸ்ல போய் சண்டை போட்டவங்க எல்லாம் உண்டு.

தபால்னா அந்த நாட்டு அரசாங்கத் தபால்ல போட்டு, இங்க இந்தியா போஸ்ட் கையில வந்து, வெளிநாட்டுத் தபால் அலுவலகத்துல கஸ்டம்ஸ் பாத்து, டூட்டி போட்டு, அப்புறம் நம்ம ஊர் தபால்காரர் கொண்டு வந்து குடுத்து துட்டு வாங்கிட்டு ரசீது குடுப்பாரு. நமக்குப் பெரும்பாலும் சென்னைல இருக்க வெளிநாட்டுத் தபால் அலுவலகம்தான், சில சமயம் மும்பை, டெல்லில இறங்கியும் வரும். தூத்துக்குடில கஸ்டம்ஸ் ஹவுஸ் இருக்கே, பக்கத்துல தானே, அங்க போய் கேக்கலாமான்னு நெறைய பேர் கேக்காங்க. அது துறைமுகத்துக் கப்பல் சரக்குக்கு. நம்ம தபால் பார்சலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, பஸ் ஏறிப் போகாதீங்க.

கூரியர்னா டிஹெச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ், அராமெக்ஸ் மாதிரி கம்பெனிங்க. வெரசா வரும், ஆனா அவங்களே கஸ்டம்ஸ்ல நம்ம சார்பா பேப்பர் போட்டு டூட்டியை முன்கூட்டியே கட்டிட்டு நம்மகிட்ட வாங்குவாங்க, அந்த வேலைக்குத் தனி சார்ஜ் உண்டு. வெலை கம்மியான சாமானை கூரியர்ல போட்டா சில சமயம் சாமானை விட சார்ஜ் கூட வந்துரும். என்னோட கருத்து, அவசரம் இல்லாத சின்ன சாமான்னா தபால்ல போடச் சொல்லுங்க, பதிவுத் தபாலோ, இஎம்எஸ்ங்கிற எக்ஸ்பிரஸ் தபாலோ, ட்ராக்கிங் நம்பரோட. பேப்பர், சர்டிபிகேட், அவசர மருந்துன்னா கூரியர்.

கார்கோங்கிறது வளைகுடால இருக்கவங்களுக்குப் பழக்கமானது, அட்டைப்பெட்டி நெறைய கட்டி கிலோவுக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டா டூட்டி எல்லாம் சேர்த்து வீட்டு வாசல்ல இறக்கிருவாங்க. நல்லபடியா நடத்துறவங்களும் இருக்காங்க. ஆனா யாரு பேர்ல, என்னன்னு கணக்கு காட்டி கஸ்டம்ஸ்ல எடுக்காங்கன்னு நமக்குத் தெரியாம இருக்கக் கூடாது. பில் கேளுங்க, பெட்டிக்குள்ள இருக்க சாமானோட லிஸ்ட் அவங்க கையெழுத்தோட ஒரு காப்பி வாங்கி வச்சுக்கோங்க. கொஞ்ச நாள்ல ஊருக்கு வாரவங்க யாராவது இருந்தா கையில குடுத்து விடுறது இதை எல்லாம் விட சுளுவு, திருவனந்தபுரத்துல இறங்குனா நமக்கு பக்கம்தான். ஆளோட பெட்டில வார சாமானுக்குத் தனிச் சலுகை இருக்கு, 2016 விதிப்படி 50,000 ரூவா வரைக்கும் இருந்ததை 2026-ல 75,000 ஆக்கியிருக்காங்க. பார்சலுக்கு அந்தச் சலுகை கெடையவே கெடையாது, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அதே மாதிரி கையில குடுத்து விடுறதா இருந்தா அவருக்குத் தெரியாம பொட்டலத்துக்குள்ள எதையும் வைக்கக் கூடாது, மாட்டுனா அவர்தான் பதில் சொல்லணும்.

பேரு, அட்ரஸ், போன் நம்பர்

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு ரொம்ப இடிக்குற இடம் இது, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

நமக்கு ஆதார்ல ஒரு பேரு, வீட்ல ஒரு பேரு. அங்க இருந்து அனுப்புற தம்பி பாசத்துல "ராசாத்தி அக்கா"ன்னு எழுதிருவான், ஆதார்ல இசக்கியம்மாள்னு இருக்கும். கூரியர்காரங்க கேஒய்சி-ன்னு ஒண்ணு கேப்பாங்க, பார்சல் மேல இருக்க பேரும் நீங்க குடுக்குற ஆதாரோ பாஸ்போர்ட்டோ அதுல இருக்க பேரும் ஒத்துப் போகணும், ஒத்துப் போகலைன்னா பார்சல் அங்கனயே நின்னுரும். அப்புறம் இனிஷியல். வெளிநாட்டு ஃபாரம்ல கடைசிப் பேருன்னு ஒரு கட்டம் கட்டாயமா இருக்கும், நமக்கு அது இல்லை, அதனால சில பேர் அப்பா பேரைப் போடுவாங்க, சில பேர் ஊர் பேரைப் போடுவாங்க, சில பேர் அதே பேரை ரெண்டு தடவை போடுவாங்க. ஆதார்ல எப்படி இருக்கோ இங்கிலீஷ் எழுத்து மாறாம அப்படியே போடச் சொல்லுங்க, இனிஷியலையே கடைசிப் பேர் கட்டத்துல போட்டாப் போதும். ஆதார் போட்டோவை அனுப்பாதீங்க, பேர் இருக்க வரியை மட்டும் டைப் பண்ணி அனுப்புங்க.

வீட்ல வயசான அம்மா அப்பா பேர்ல அனுப்புறது பாசம்தான், ஆனா கேஒய்சி லிங்க் வந்தா அவங்களால பாக்க முடியுமான்னு யோசிச்சுக்கோங்க. போன்ல மெசேஜ் பாத்து பதில் சொல்லக் கூடிய ஆள் பேர்ல அனுப்புங்க.

போன் நம்பர்ல நடக்குற கூத்து தனி. அங்க ஃபாரம்ல வாங்குறவர் நம்பர்னு கேக்கும்போது அனுப்புறவர் தன்னோட துபாய் நம்பரையே போட்டுட்டு வந்துருவாரு. கேஒய்சி மெசேஜ் அவருக்குப் போகும், அவரு ட்யூட்டில இருப்பாரு, பாக்க மாட்டாரு, பார்சல் கிடங்குல கெடக்கும், நாளுக்கு இவ்வளவுன்னு கிடங்கு வாடகை ஏறும். எங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த ஒரு பெட்டிக்கு இப்படித்தான் ஆச்சு, கூரியர் கம்பெனில இருந்து இங்க ஒரு போன் கூட வரலை, கடைசில வாடகையும் சேர்த்து பில் வந்துச்சு. பெட்டி மேல இந்திய நம்பர் 91 சேர்த்து இருந்தா இது வராது.

அட்ரஸ்ல பின்கோடு முக்கியம், நம்ம பக்கம் 627-ல ஆரம்பிக்கும். கதவு நம்பர் பழசு புதுசு ரெண்டும் இருந்தா ரெண்டும் போடுங்க. "பிள்ளையார் கோவில் பக்கத்துல"ங்கிறது தபால்காரருக்கு உதவும், சென்னைல பிரிக்குற ஆளுக்கு பின்கோடுதான் தெரியும், அதனால ரெண்டும் வேணும். உங்க டெலிவரி போஸ்ட் ஆபீஸ் எதுன்னு தெரிஞ்சு அந்தப் பேரையும் எழுதினா இன்னும் நல்லது.

உள்ள என்ன இருக்குன்னு எழுதுற சீட்டு

தபால்ல போட்டா சிஎன்22 இல்லைன்னா சிஎன்23-ன்னு ஒரு கஸ்டம்ஸ் சீட்டு ஒட்டுவாங்க, சின்ன பாக்கெட்டுக்கு 22, வெலை கூடுன பெரிய பெட்டிக்கு 23. கூரியர்ல போட்டா இன்வாய்ஸ் வைக்கணும். கஸ்டம்ஸ் ஆபீசர் பெட்டியைப் பிரிக்குறதுக்கு முன்னால பாக்குறது இந்தச் சீட்டைத்தான்.

"துணிமணி, இதர பொருட்கள்"னு ஒத்தை வரில எழுதி அனுப்பாதீங்க. இப்படி எழுதணும்: ஆம்பளை சட்டை பருத்தி 3, ஒண்ணு வெலை இவ்வளவு, ஸ்கூல் ஷூ 1 ஜோடி, வெலை இவ்வளவு, பேரிச்சம்பழம் 2 கிலோ, வெலை இவ்வளவு, எல்லாம் எந்த நாட்டு துட்டுலன்னும் எழுதி கீழ மொத்தம். ஒவ்வொண்ணும் தனி வரி. ஆபீசருக்கு சந்தேகம் வரலைன்னா பெட்டி சீக்கிரம் நகரும், "இதர"ங்கிற வார்த்தையைப் பாத்தா பிரிச்சுப் பாக்காம விட மாட்டாரு.

வெலையைக் குறைச்சுப் போடுறது பத்தி நேராவே சொல்லிருதேன், பண்ணாதீங்க. 200 டாலர் சாமானுக்கு 10 டாலர்னு எழுதினா கஸ்டம்ஸ்ல நெட்ல அதே சாமான் வெலையைப் பாத்து அவங்களே ஒரு மதிப்பு போட்டுக்குவாங்க, மேல அபராதமும் போட சட்டத்துல இடம் இருக்கு. சாமான் வழில தொலைஞ்சு போனாலும் நஷ்டஈடு நீங்க எழுதுன 10 டாலருக்குத்தான் பேச முடியும். கடை பில்லு இருந்தா பெட்டிக்கு உள்ள ஒண்ணு, வெளிய கவர்ல ஒண்ணு, உங்க வாட்ஸ்அப்ல ஒண்ணுன்னு மூணு இடத்துல இருக்கட்டும். பயன்படுத்துன பழைய சாமான்னா பழசுன்னு எழுதி, இப்ப என்ன வெலை பெறுமோ அதைப் போடுங்க.

பெட்டில வைக்கக் கூடாதது

தங்கம், பணம் வேண்டவே வேண்டாம். சிகரெட், மது வேண்டாம். இ-சிகரெட் 2019-ல இருந்து சட்டப்படியே தடை, விளையாட்டுக்குக் கூட அனுப்பக் கூடாது. ட்ரோன் பிள்ளைகளுக்கு வாங்கி அனுப்புதாங்க, 2022 பிப்ரவரில இருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கு, வந்தா பிடிச்சு வச்சுக்குவாங்க. விதை, செடி, கிழங்கு எதுவா இருந்தாலும் செடி நோய் இல்லைன்னு சான்றிதழும் அனுமதியும் கேப்பாங்க, "அங்க உள்ள மிளகாய் விதை நல்லா காய்க்கும்"னு கவர்ல போட்டு அனுப்புனா போச்சு. பால், கறி சம்பந்தப்பட்டதுக்கும் கெடுபிடி ஜாஸ்தி. சென்ட் பாட்டிலும் பவர் பேங்கும் விமானத்துல தீப்பிடிக்குற சமாச்சாரத்துல சேரும், அதுக்காக அங்கயே எடுத்துப் போட்டுருவாங்க. சாட்டிலைட் போன் பக்கமே போகாதீங்க.

கோடாலித் தைலம், வலி களிம்பு மாதிரி அஞ்சாறு வீட்டு உபயோகத்துக்கு அனுப்புறதுல பெரும்பாலும் பிரச்சினை வாரதில்லை, பெட்டி பெட்டியா அனுப்புனா வியாபாரம்னு சந்தேகப்படுவாங்க. எந்தச் சாமானுக்கும் இதே கணக்குதான், ஒரே சாமான் டஜன் கணக்குல இருந்தா சொந்த உபயோகம்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

மருந்துக்கு மட்டும் தனியா சொல்லணும், ஏன்னா அதுல நின்னு போனா ஒரு உயிர் காத்துக்கிட்டு இருக்கும். சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டு மருந்து வரவழைக்க மருந்து விதிகள்ல வழி இருக்கு. படிவம் 12ஏ-ல விண்ணப்பம் போட்டா 12பி-ங்கிற அனுமதி குடுப்பாங்க, ஒரு தடவைக்கு சராசரி 100 டோஸுக்கு மேல போகக் கூடாது, பதிவு பெற்ற டாக்டர் சீட்டு வேணும். மருந்து கிளம்புறதுக்கு முன்னாலயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புல இதை வாங்கி வச்சுக்கிட்டா பெட்டி வந்து நிக்குற அன்னைக்கு கையில பேப்பர் இருக்கும். டாக்டர் சீட்டுல மருந்தோட மூலப் பேரு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாசத்துக்குன்னு தெளிவா எழுதி வாங்குங்க.

கிளம்புனதுக்கு அப்புறம்

ட்ராக்கிங் நம்பர் கைக்கு வந்ததும் பாத்துப் புரிஞ்சுக்கோங்க. தபால் நம்பர்னா மொதல்ல ரெண்டு எழுத்து, நடுவுல ஒன்பது இலக்கம், கடைசில நாட்டோட ரெண்டு எழுத்து, மொத்தம் 13. மொத எழுத்து இ-ன்னா எக்ஸ்பிரஸ், ஆர்-ன்னா பதிவுத் தபால், சி-ன்னா பார்சல். கடைசில எஸ்ஜி-ன்னா சிங்கப்பூர், ஏஇ-ன்னா அமீரகம். இந்த நம்பரை அப்படியே இந்தியா போஸ்ட் சைட்ல போட்டுப் பாக்கலாம். கூரியர் நம்பர் வேற மாதிரி இருக்கும், அவங்க சைட்லதான் வரும்.

கஸ்டம்ஸ்ல நிக்குதுன்னு காட்டுனா பதறாதீங்க, எல்லா பார்சலும் அங்க ஒரு தடவை நின்னுதான் வரும். ரொம்ப நாளா நகரலைன்னா மட்டும் கேளுங்க. தபால்ல கூடுதல் விவரம் வேணும்னா கடிதம் அனுப்புவாங்க, பில்லு, துட்டு கட்டுன ஆதாரம், அடையாள அட்டை, என்னத்துக்கு வாங்குனீங்கன்னு கேட்டிருப்பாங்க. அந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அனுப்புனவருக்கே திரும்பிப் போயிரும். கூரியர்ல கேஒய்சி லிங்க் வந்தா அதைத் தொடுறதுக்கு முன்னால அந்த கம்பெனி சைட்டுக்கு நீங்களாப் போய் ட்ராக்கிங் நம்பர் போட்டு உண்மையிலேயே கேஒய்சி கேக்குதான்னு பாத்துட்டு அங்கயே குடுங்க. வெளிநாட்டு ஆன்லைன் கடைல வாங்கி, வாங்கும்போதே இம்போர்ட் ஃபீஸ்னு கட்டியிருந்தா அந்த ஆர்டர் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, வாசல்ல வந்து திரும்ப கேட்டா காட்ட வேணும்ல.

கணக்கு எப்படிப் போடுதாங்க

சாமான் வெலைக்கு மட்டும் டூட்டி இல்லை. சாமான் வெலை, அனுப்புன செலவு, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டி, கஸ்டம்ஸ் அறிவிச்ச மாற்று விகிதத்துல ரூவா ஆக்கி, அந்த மொத்தத்துக்குத்தான் சதவீதம் போடுவாங்க. இதைத்தான் நெறைய பேர் விட்டுருதாங்க.

சொந்த உபயோகத்துக்கு தபால்லயோ விமானத்துலயோ வார சாமானுக்குப் பொதுவா ஒரே ரேட்டுன்னு கஸ்டம்ஸ் வரி அட்டவணைல ஒரு தலைப்பு இருக்கு, 9804-ன்னு. ரொம்ப காலம் அது 35 சதவீதமா இருந்துச்சு, 2025 பட்ஜெட்ல 20 ஆக்குனாங்க, 2026 பட்ஜெட்ல 10 ஆக்குறதா அறிவிச்சாங்க. அதுக்கு மேல போடுற ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கு விழுற ஜிஎஸ்டி வரி, 28-ஆ இருந்தது 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18.

ஒரு உதாரணம். 8,000 ரூவா சாமான், அனுப்புற செலவு 2,000, ஆக 10,000. பழைய ரேட்டுல டூட்டி 3,500, அந்த டூட்டில 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ் 350, இப்ப 13,850 ஆச்சா, இதுக்கு 28 சதவீதம் ஐஜிஎஸ்டி 3,878. மொத்தம் 7,728 ரூவா. பத்தாயிரத்துக்கு ஏழாயிரத்து எழுநூறு, அதனாலதான் பழைய ஆளுக பார்சல்னாலே வேண்டாம்பாங்க. அதே சாமானுக்கு 10 சதவீத ரேட்டுல டூட்டி 1,000, சர்சார்ஜ் சேர்த்தா 100, 11,100-க்கு 18 சதவீதம் 1,998, மொத்தம் 3,098. கவனிச்சுப் பாருங்க, ஐஜிஎஸ்டி சாமானுக்கு மட்டும் இல்லாம டூட்டிக்கும் சேர்த்து விழுது. பத்துக்கும் பதினெட்டுக்கும் இருபத்தெட்டுதானேன்னு கூட்டிப் பாத்துட்டு "ஜாஸ்தி போட்டுட்டான்"னு சண்டைக்குப் போக வேண்டாம்.

எந்த நாள் ரேட்டுன்னா, நீங்க ஆர்டர் போட்ட நாளோ அவங்க அனுப்புன நாளோ இல்லை, இங்க கஸ்டம்ஸ்ல பேப்பர் தாக்கல் ஆகுற நாள் ரேட்டு.

கூரியர் பில்லை வரி வரியா படிங்க

கூரியர் பில்லைக் கையில வாங்குனா மேல ட்ராக்கிங் நம்பர், அடுத்து மதிப்புன்னு ஒரு தொகை, அதுக்குக் கீழ டூட்டி, சர்சார்ஜ், ஐஜிஎஸ்டி. இதுவரைக்கும் உள்ளது அரசாங்கத்துக்குப் போறது. அதுக்குக் கீழ இருக்கதுதான் கம்பெனிக்காரங்களோடது: உங்களுக்காக முன்னாடியே கட்டுனதுக்கு அட்வான்ஸ்மென்ட் ஃபீ-ன்னோ டிஸ்பர்ஸ்மென்ட் ஃபீ-ன்னோ ஒண்ணு, கிடங்குல இருந்தா வாடகை ஒண்ணு, இந்த சார்ஜுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ஒண்ணு. மொதல் பகுதில சந்தேகம்னா கூரியர் பில் ஆஃப் என்ட்ரி காப்பி கேளுங்க, கஸ்டம்ஸ்ல உங்க பேர்ல என்ன சாமான், என்ன மதிப்புன்னு தாக்கல் பண்ணாங்கங்கிறது அதுல இருக்கும், கேட்டா குடுத்தாகணும். ரெண்டாவது பகுதில சந்தேகம்னா கம்பெனிகிட்டதான் பேசணும், கிடங்கு வாடகை உங்க தப்பு இல்லாம ஏறுனதுன்னா எந்தத் தேதில உங்களுக்குத் தகவல் சொன்னாங்கன்னு எழுத்துல கேளுங்க, அதுக்குப் பதில் இல்லைன்னா குறைக்கச் சொல்லிக் கேக்கலாம்.

டூட்டியை அனுப்புறவரே அங்க கட்டுற வழியும் இருக்கு, டிடிபி-ன்னு சொல்லணும். வயசானவங்களுக்கு அனுப்பும்போது இதுதான் நிம்மதி, அங்க கூடுதலா சார்ஜ் போடுவாங்க, போனாப் போகட்டும்.

கையில வாங்கும்போது

தபால்காரர் டூட்டி கேட்டா ரசீது வாங்கிக்கோங்க, பெட்டி மேலயும் கஸ்டம்ஸ் போட்ட கணக்கு ஒட்டி இருக்கும், ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. டூட்டியோட கொஞ்சம் தபால் கட்டணமும் சேர்ந்து வரும், அதுவும் ரசீதுல இருக்கும். பெட்டியைப் பிரிச்சு திரும்ப டேப் ஒட்டியிருந்தா அது கஸ்டம்ஸ் பாத்த அடையாளம், அதுக்காக வாங்க மாட்டேன்னு சொல்ல வேண்டாம். ஆனா பெட்டி நசுங்கி, எடை கொறஞ்ச மாதிரி இருந்தா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாலயே "அண்ணாச்சி, இதை எடை போட்டுப் பாத்து எழுதித் தாங்க"ன்னு கேளுங்க, சீட்டுல அனுப்பும்போது உள்ள எடை இருக்கும். பிரிக்கும்போது ஒரு ஆளை வீடியோ எடுக்கச் சொல்லுங்க.

டூட்டி தப்பா போட்டிருக்குன்னா, உதாரணத்துக்கு பழைய ஷூவுக்குப் புது வெலை போட்டிருந்தா, பெட்டியை எடுக்குறதுக்கு முன்னாலயே பில்லோட திரும்ப மதிப்பு போடச் சொல்லி எழுதிக் கேக்குறதுதான் நல்லது. எடுத்துட்டீங்கன்னாலும் கஸ்டம்ஸ் ஆணை கைக்கு வந்த 60 நாளுக்குள்ள கமிஷனர் அப்பீல்ஸ்கிட்ட மேல்முறையீடு போடலாம். சில நூறு ரூவாய்க்கு இதுல இறங்குறது அலைச்சல், பெரிய தொகைன்னா விடாதீங்க.

ஏமாத்துக்காரன் போன்

"டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல இருந்து பேசுதோம், உங்க பேர்ல பவுண்டு, தங்கம் எல்லாம் வந்துருக்கு, 35,000 கட்டுனா விட்டுருவோம்"னு ஒரு வகை. "உங்க ஆதார்ல போதைப்பொருள் பார்சல் போயிருக்கு, வீடியோ கால்லயே இருங்க, யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு இன்னொரு வகை, இதைத்தான் டிஜிட்டல் அரெஸ்ட்ங்கிறாங்க, அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்துலயே கெடையாது. ஃபேஸ்புக்ல பழகுன வெள்ளைக்காரர் கிஃப்ட் அனுப்பியிருக்கேன்னு சொல்லுதாரா, அதுவும் மொத வகையோட ஆரம்பம்தான்.

கஸ்டம்ஸ்காரங்க போன் பண்ணி, தனி ஆள் அக்கவுண்டுலயோ ஜிபேலயோ டூட்டி கட்டச் சொல்லவே மாட்டாங்க. கஸ்டம்ஸ் அனுப்புற கடிதத்துல டின்-ங்கிற ஆவண எண் இருக்கும், 2019 நவம்பர்ல இருந்து அது நடைமுறைல இருக்கு, மத்திய மறைமுக வரி வாரியத்தோட சைட்ல அந்த எண்ணைப் போட்டா உண்மையா பொய்யான்னு காட்டும். போன்ல பேசுறவர்கிட்ட ட்ராக்கிங் நம்பரும் டின் எண்ணும் கேளுங்க, அனுப்புனவர் பேரைக் கேளுங்க. அப்புறம் போனை வச்சுட்டு, உண்மையிலேயே உங்களுக்கு யாராவது பார்சல் அனுப்பியிருக்காங்களான்னு அவங்களுக்கே போன் போட்டுக் கேளுங்க.

துட்டு போயிட்டதுன்னா வெக்கப்பட்டு வீட்ல மறைக்காதீங்க, உடனே 1930-க்கு கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுதீங்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. பேங்க்ல இருந்து வந்த மெசேஜ்ல இருக்க பரிவர்த்தனை எண்ணையும் பேசுன போன் நம்பரையும் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க, மொதல்ல அதைத்தான் கேப்பாங்க.